ஹீட் பம்ப்பும் அக்காவின் பெட்டியும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். இந்த வரியை எழுதியதும் சந்தேகம் வந்து, எழுந்து போய் இரண்டு அறைக் கதவிலும் காது வைத்துக் கேட்டுவிட்டு வந்தேன், நலம்தான். அங்கே நீயும் உன் வீட்டாரும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். எங்கள் போன் நடையில் இருக்கிறது. நீயோ எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விடுகிறவன். இது அப்படிச் சத்தமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வழக்கம்போல் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடக் கூடாது. அக்காவை உன் வீட்டுக்கு அழைத்துப்போக ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகச் சொன்னாய் அல்லவா? வர வேண்டாம். அக்கா பெட்டி கட்டியது உண்மை. போனில் உன்னிடம் அழுததும் உண்மைதான், நானும் நடையில் நின்று கேட்டேன். ஆனால் இப்போது நிலைமை வேறு. எப்படி வேறானது என்பதை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள்.

அத்தான் போனபிறகு அக்கா இங்கே வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு பிரச்சினைதான். உன் அண்ணிக்கு எப்போதும் வேர்க்கும், அக்காவுக்கு எப்போதும் குளிரும். வீடோ நம் அப்பாவைவிட மூத்தது. அதைச் சூடாக்க நிலவறையில் ஒரே ஒரு பாய்லர், அதைக் கூட்டிக் குறைக்க நடையில் ஒரே ஒரு திருகு. சமையலறைக்குப் போகும்போது அக்கா அதைக் கூட்டிவிட்டுப் போவாள். துணி காயப்போட வரும்போது உன் அண்ணி குறைத்துவிட்டுப் போவாள். இரண்டு பேர் கையிலும் மாறி மாறித் திருகுப்பட்டே அந்த பாய்லர் உயிரை விட்டது என்பது என் அபிப்பிராயம், யாரிடமும் சொல்லவில்லை. அது நின்ற அன்று ஒரு வாக்குவாதம். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்து, "உங்க அக்காகிட்ட உப்பு வேணுமான்னு கேளுங்க" என்று இவளும், "உப்பெல்லாம் நெறையவே இருக்குன்னு உன் பெண்டாட்டிகிட்ட சொல்லு" என்று அவளும் சொல்ல, நடுவில் இருந்த நான் இரண்டையும் சற்றுக் கனிவாக்கித் திருப்பிச் சொல்லிச் சொல்லி, என் சோறு ஆறிப்போவதே வழக்கமாகிவிட்டது.

அப்போதுதான் நீ போனில், ஹீட் பம்ப் போடு அண்ணா, வெளியே ஒரு மெஷின், உள்ளே அறைக்கு ஒன்று, ஆளுக்கொரு ரிமோட், அவரவர் சூடு அவரவர் கையில், சண்டைக்கு இடமே இல்லை என்றாய். எனக்கும் அது மிக நியாயமாகப் பட்டது. வீட்டை மூன்று மண்டலமாகப் பிரித்தோம். பின்கட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டும் ஆளுக்கு ஒன்று. குறட்டையின் காரணமாகப் பல வருஷமாகக் கூடத்துச் சோபாவில் தூங்கும் நான் மூன்றாவது. எனக்கும் ஒரு ரிமோட் உண்டு. இதுவரை நான் அதை அமுக்கியதில்லை.

வேலைக்கு வந்த மெக்கானிக்கை நாங்கள் 'பாத்துக்கலாம்' என்றே அழைக்கிறோம், ஏனென்றால் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். சுவர் மிகவும் பழையது, துளை போட்டால் தாங்குமா என்றேன். "பாத்துக்கலாம் சார்." உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால்? "பாத்துக்கலாம் சார்." அக்கா அறைச் சுவரில் துளை போடும் மெஷினை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். அந்தச் சுவருக்குள் எந்தக் காலத்திலோ மூடிவிட்ட ஒரு புகைபோக்கி இருந்திருக்கிறது. அதில் சேர்ந்து கிடந்த கரியெல்லாம் கோபமாக வெளியே வந்து அக்காவின் வெள்ளை விரிப்பிலும் வெள்ளைத் தலையிலும் இறங்கியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்கா கண்களை மட்டும் சிமிட்டிக்கொண்டு நிற்கிறாள். "டேய், உன் பெண்டாட்டிகிட்ட சொல்லு, நான் இன்னும் எரியல, அதுக்குள்ள சாம்பலக் கொட்ட வேண்டாம்னு" என்றாள். அடுத்த அறையிலிருந்து, "துளை போட்டது நான் இல்லைன்னு சொல்லுங்க" என்று உன் அண்ணி. "பாத்துக்கலாம்மா" என்றார் மெக்கானிக், இரண்டு பேருக்கும் பொதுவாக.

இனி சொல்லப்போவதை நீ யாரிடமும், முக்கியமாக உன் மனைவியிடம், சொல்லக் கூடாது. கொல்லைப்புறத்தில் வெளி மெஷினை நிறுத்தி, குழாய்களை எல்லாம் சேர்த்துவிட்டு, பின்கட்டு அறைகள் இரண்டின் வயர்களை மட்டும் பாக்கி வைத்து மெக்கானிக் காபி குடிக்கப் போனார். நான் போய்ப் பார்த்தேன். ஒரே நிறத்தில், ஒரே தடிமனில் இரண்டு வயர்கள் சுவரிலிருந்து தொங்குகின்றன, எது எந்த அறை என்று ஒரு அடையாளமும் இல்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. நான் வேலையில் இருந்த காலமெல்லாம் நகர அளவைத் துறையில் வரைபடம் சரிபார்த்தவன், வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்காமல் ஒரு தாளைக் கையில் எடுக்காதவன். இரண்டு சீட்டுக் கிழித்து, நல்ல கையெழுத்தில் ஒன்றில் 'அக்கா' என்றும் ஒன்றில் 'அவள்' என்றும் எழுதி, இடது அறை அவளுடையது, வலது அறை அக்காவுடையது என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஒட்டினேன். மெக்கானிக் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "அட, எழுதியே வெச்சிட்டீங்களா? படிச்சவங்க வீட்ல வேலை பாக்கறதே தனி சார்" என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையில் நானே இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாளிலிருந்து வீடு வீடாக இல்லை. உன் அண்ணி வேர்க்கிறது என்று தன் ரிமோட்டில் குறைப்பாள், குறைக்கக் குறைக்க அறை கொதிக்கும். அக்கா குளிர்கிறது என்று தன் ரிமோட்டில் கூட்டுவாள், கூட்டக் கூட்ட விறைக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விசிறுகிறாள். அந்தப் பக்கம் ஒருத்தி தொப்பி, கையுறை, இரண்டு ஜோடிக் காலுறையோடு மலையேறப் போகிறவள்போல் உட்கார்ந்திருக்கிறாள். "உங்க அக்கா ஏதோ பண்றாங்க." "உன் பெண்டாட்டி வேணும்னே பண்றா." மெஷின்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூன்றாம் நாள் அக்கா பெட்டியை எடுத்தாள், உனக்குப் போன் செய்தாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னை "டேய்" என்று கூப்பிட ஆள் கிடையாது.

அடுத்த நாள் காலை அக்கா கண் டாக்டரிடமும் உன் அண்ணி கடைக்கும் போயிருந்த நேரம் பார்த்து நான் ஒரு சோதனை செய்தேன். உன் அண்ணி அறையை முழுச் சூட்டில் வைத்தேன், அக்கா அறையை அடிமட்டத்தில் வைத்தேன். கோட்டைக் கழற்றிவிட்டு உன் அண்ணி அறையில் வேர்வைக்காகக் காத்திருந்தேன். குளிர்ந்தது. எனக்கு முதலில் என்மேல்தான் சந்தேகம் வரும் என்பது உனக்குத் தெரியும். காய்ச்சலாக இருக்கலாம் என்று தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்த்தேன், இல்லை. அக்கா அறைக்குப் போனேன், அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அறை மாறி வந்துவிட்டேனோ என்று வெளியே போய் மறுபடியும் உள்ளே வந்தேன். அப்புறம்தான் கொல்லைப்புறம் ஓடினேன். என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடையில் நின்று பார்த்தால் இடது பக்கம் இருக்கிற அறை, கொல்லையில் நின்று வீட்டைப் பார்த்தால் வலது பக்கம் அல்லவா? அதை மறந்துவிட்டேன். சூட்டைக் கொண்டுவருவது குழாய், எவ்வளவு வேண்டும் என்ற உத்தரவைக் கொண்டுபோவது வயர். குழாய் சரி, வயர் என் சீட்டைப் பார்த்து மாறிவிட்டது. உன் அண்ணி அமுக்குவதெல்லாம் அக்கா அறைக்கும், அக்கா அமுக்குவதெல்லாம் உன் அண்ணி அறைக்கும் போய்க்கொண்டிருந்தது. வாழ்நாளில் என்னை நான் சந்தேகப்படாமல் செய்த ஒரே காரியம் அது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தால் வெளியூரில் இருக்கிறேன், வந்து பார்த்துக்கலாம் என்றார். இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய், வயர் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். மாற்றியது யார் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அதுவரை என்ன செய்வது? நான்தான் தூது. "டேய், குளிருதுன்னு சொல்லு" என்று அக்கா சொன்னால் நான் நடந்து போய் உன் அண்ணியிடம் சொல்லி, அவள் தன் ரிமோட்டில் கூட்ட வேண்டும். "வேர்க்குதுன்னு சொல்லுங்க" என்றால் திரும்பி நடக்க வேண்டும். ஒரே நாளில் என் முழங்கால் போய்விட்டது. மறுநாள் காலை நான் குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டிருந்தேன். அக்கா, "டேய், டேய்" என்று கூப்பிடுவது கேட்கிறது. கண்ணில் நுரை, என்னால் வர முடியாது. அப்புறம் சுவரில் தட்டும் சத்தம்.

"இந்தாம்மா, கொஞ்சம் கூட்டு."

நான் சோப்போடு அப்படியே நின்றேன். உன் அண்ணியின் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "எவ்ளோக்கா?"

"நீயா பாத்து வை. ரொம்ப வேண்டாம். உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்குத்தான் நீங்க வறுக்கறீங்களே."

"அய்யோ, இரு இரு, குறைக்கறேன். இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

அவ்வளவுதான் தம்பி. நான் சமாதானம் பேசிப் பேசி ஆகாதது, நான் குளியலறையில் இருந்ததால் ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஒருத்தியின் சௌகரியம் இன்னொருத்தியின் கையில். இவள் முறைத்துக்கொண்டால் அவள் விறைத்துப் போவாள், அவள் முறைத்துக்கொண்டால் இவள் வெந்து போவாள், ஆகவே இரண்டு பேரும் மகா மரியாதை. முதலில் கூட்டு, குறை என்று மட்டும் இருந்தது. அப்புறம், "கூட்டு, ஆமா உன் முதுகுவலி எப்படி இருக்கு?" என்று ஆகி, இப்போது சுவரைத் தட்டினால் அரை மணி நேரம் பேச்சு. நேற்றுச் சாயங்காலம்கூட இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். இருக்கட்டும். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஆனால் அதன்மேல் உன் அண்ணியின் சால்வை மடித்து வைத்திருக்கிறது.

இப்போது என் வீரத்தைக் கேள். நேற்றுக் காலை மெக்கானிக் வந்து வாசலில் நின்றார். அவர் வயரைச் சரிசெய்துவிட்டால் அவரவர் ரிமோட் அவரவர் அறைக்கு, பிறகு சுவரைத் தட்ட யாருக்கு என்ன தேவை? மறுபடியும் பெட்டி, மறுபடியும் உன் கார். நான், கடையில் மிச்சச் சில்லறையைக்கூடக் கேட்டு வாங்கத் தெரியாத நான், கதவுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு, "வேண்டாம்" என்றேன். அவர், "சார், நான்..." என்றார். "ஒண்ணும் பேசாதீங்க. வயர் அப்படியே இருக்கட்டும். என் வீடு, என் வயர். நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த மனிதரிடம் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னதில் எனக்கு ஒரு திருப்தி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொல்லையில் சாத்திவைத்திருந்த ஏணியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அவ்வளவு கண்டிப்பாகப் பேசியிருக்கிறேன்.

ஆகவே நீ வர வேண்டாம். வயர் மாறியிருக்கிறவரை இந்த வீடு ஒற்றுமையாக இருக்கும், அதை மாறியபடியே வைத்துக்கொள்வது என் பொறுப்பு. உன் மனைவிக்கு என் விசாரிப்புகள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, இடது வலது தெரிந்தவர்களாக வளர என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் சூடும் குளிரும் எப்போதும் அளவாக இருக்கட்டும்.

பிரியமுள்ள,
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் மெக்கானிக் போன் செய்தார். "சார், நேத்து நீங்க பேசவே விடல. வயரை நான் அதுக்கு முந்தின நாளே மாத்திட்டேன். கொல்லைப்பக்கக் கேட் தெறந்துதான் இருந்துச்சு, உங்க தூக்கத்தக் கெடுக்க வேணாமேன்னு பாத்தேன். நேத்து வந்தது ஏணிய எடுக்க" என்றார். நான் போனை வைத்துவிட்டு நடையிலேயே நின்றேன். அப்படியானால் நேற்று முழுவதும் தட்டியது, கூட்டியது, சிரித்தது? அதே நேரம் சுவரில் தட்டல். "இந்தாம்மா, கொஞ்சம் கூட்டு." கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். உன் அண்ணி இரண்டு கையிலும் கம்பளி நூலைப் பிடித்துப் பின்னிக்கொண்டிருக்கிறாள், ரிமோட் அலமாரி மேல் இருக்கிறது. தலையை நிமிர்த்தாமல், "கூட்டிட்டேன்க்கா" என்றாள். அக்கா அறையில் அக்காவின் ரிமோட் 'பீப்' என்றது. "ஆங், இப்ப சரியா இருக்கு. ஆமா, என்ன சொல்லிட்டிருந்தே?" என்றாள் அக்கா.

நான் சத்தம் இல்லாமல் கூடத்துக்கு வந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ அவசியம் வா. மெக்கானிக் அன்றைக்கு ஏணியை எடுக்க வருகிறார். எனக்கு அவர் முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லை, நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.