மறுபடியும் இடப்பக்கம்

விக்னராஜா காரை இடப்பக்கம் திருப்பியதும் ஹோர்ன் தானாக அலறியது. நேராக்கியதும் நின்றது.

லைசென்ஸ் சோதனையன்று வரவேண்டிய வியாதியா இது? ஏற்கெனவே மூன்று முறை கோட்டை விட்டவர் அவர். "இந்த முறையும் பெயில் எண்டால் காரை வித்துப்போடுவன்" என்று மனைவி சிவனேஸ்வரி காலையில்தான் சொல்லியிருந்தாள். சொன்ன கையோடு, சாமிப் படத்துக்குச் சாத்திய சிவப்புப் பட்டில் ஒரு துண்டு கிழித்துக் கார் ஏரியலில் கட்டினாள். "அம்மாளாச்சி பார்த்துக்கொள்ளுவா."

பக்கத்தில் இருந்த சோதனை அதிகாரி சிரிப்பை வீட்டிலே பூட்டிவைத்துவிட்டு வந்தவர்.

"இடப்பக்கம்" என்றார்.

திருப்பினார். ஹோர்ன் ஊரைக் கூட்டியது.

செவன் ஹில்ஸ் புறநகரில் அந்தத் தெருவில் பாதி வீடு, மால்ட்டாத் தீவிலிருந்து வந்து குடியேறிய மால்ட்டாக்காரர். ஆண்டு 1976. மால்ட்டாத் தேர்தலில் தொழிற்கட்சி மறுபடி வென்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. கட்சிக்கு நிறம் சிவப்பு. ஏரியலில் சிவப்புத் துணி, கூடவே ஹோர்ன். விடுவார்களா? கொடிகளோடு இரண்டு கார் பின்னால் வந்தது.

விக்னராஜா மன்னிப்புக் கேட்டு ஜன்னலால் கையைக் காட்டினார். அவர்களும் கையைக் காட்டி ஹோர்ன் அடித்தார்கள். முந்திப் போகட்டும் என்று மெதுவாக ஓட்டினார். அது ஊர்வலமாகிவிட்டது.

"சேர், ஒருக்கா ஓரமா நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம். இடப்பக்கம்."

தேர் வீதி சுற்றுவதுபோல் அதே தெரு திரும்பவும் வந்தது. பச்சைக் கதவு வீட்டு வாசலில் நின்ற ஒரு தடித்த மனிதர் முறைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மறுபடியும் இடப்பக்கம்."

இந்த முறை அந்த வீட்டுத் திரைச்சீலையும் மூடிக்கொண்டது. கார் போச்சு என்று விக்னராஜாவுக்கு அழுகை வந்தது.

லைசென்ஸ் கந்தோர் வாசலில் வந்து நின்றபோது பின்னால் கார்கள் தெருவை அடைத்தன. அதிகாரி கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பாஸ்."

விக்னராஜா நம்பாமல் இறங்கினார். இறங்கியவரை நாலு பேர் தோளில் தூக்கினார்கள். ஆனந்தம் தாங்காமல் அவரும் கையைத் தூக்கிக் கூவினார். காத்து நின்ற சிவனேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒரு லைசென்ஸ் எடுத்ததுக்கு இவ்வளவு சனமோ?"

தோளில் இருந்தபடியே விக்னராஜா அதிகாரியிடம் கேட்டார். "சேர், ஏன் அந்த ஒரே தெருவையே சுத்தினனாங்கள்?"

அதிகாரி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"அந்தப் பச்சைக் கதவு வீடு என் மச்சானுடையது; மால்ட்டாவில் தன் கட்சிதான் வெல்லும் என்று போன கிழமை முழுக்க என் உயிரை எடுத்தவன்."