ஏழிழுப்பு

சாவியைக் காணோம்.

சட்டைப்பையில் இல்லை, பேன்ட் பையில் இல்லை, மறுபடி தேடியபோது சட்டைப்பையிலும் இல்லை. பத்து மணிக்குக் கடை திறப்பு. இப்போதே ஒன்பதரை. ஷட்டரில் தொங்கியது அவர் ஒரு வருஷம் மெனக்கெட்டுத் தன் கையால் செய்த பூட்டு. மாற்றுச் சாவியும் கருவிப்பெட்டியும் உள்ளே பத்திரமாக இருந்தன. தலைக்கு மேல் புத்தம் புதிய பலகை: 'எந்தப் பூட்டும் திறந்து தரப்படும்.'

அவருக்கு ஏழிழுப்பு என்று பெயர் வைத்தவர் பழைய முதலாளி. பூட்டியதை ஏழு தடவை இழுத்துப் பார்க்காமல் மனுஷன் நகரமாட்டார். தன் கையையே நம்பாத கை. பதினான்கு வருஷமாக "சொந்தமா ஒரு கடை..." என்று ஆரம்பித்து, "நமக்கு எதுக்கு வம்பு" என்று முடித்துக்கொண்டிருந்தார். இன்று காலை பல் தேய்க்கும்போதுகூட, "பேசாம பழைய வேலைக்கே போயிடட்டுமா?" என்று வாய் நிறைய நுரையோடு மனைவியிடம் கேட்டார். வீட்டில் எல்லார் காதிலும் விழுந்தது.

"ஏங்க, இந்தாங்க" என்று ஷட்டருக்குப் பக்கத்தில் நின்ற மனைவி கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள்.

ஊசி வளைந்தது. கொண்டையும் அவிழ்ந்தது. பூட்டு அசையவில்லை.

பக்கத்து முடிதிருத்தகத்தில் மெல்லிய கத்தரி ஒன்றைக் கடன் வாங்கினார். இரண்டு திருகு திருகியதும் அதன் முனை ஒடிந்து நடைபாதையில் விழுந்தது.

"அண்ணே! அது என் ராசியான கத்தரி அண்ணே!" என்று முடிதிருத்துபவர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் பின்னாலேயே, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளரும் வந்தார். சும்மா போகிறவர்களும் நின்றார்கள். கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

முடிதிருத்தகத்து நாற்காலி ஒன்றை வாசலுக்கு இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்த மாமியார் உச்சுக் கொட்டினார்.

"தன் பூட்டையே திறக்கத் தெரியல. இதுல எந்தப் பூட்டும் திறந்து தரப்படுமாம்!"

"அம்மா, கொஞ்சம் சும்மா இரேன்!" என்றாள் மகள்.

"நான் என்ன, பலகையில இருக்கறதைத்தானே படிச்சேன்."

ஏழிழுப்புக்கு முகம் செத்துவிட்டது. பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

"கவலையை விடுங்க அண்ணே" என்றார் முடிதிருத்துபவர். "ஊர்லயே பெரிய பூட்டுக்காரருக்குப் போன் போட்டாச்சு. வந்துட்டே இருக்கார்."

ஊரிலேயே பெரிய பூட்டுக்காரர் யார் என்று ஏழிழுப்பு கேட்கத் தேவையே இருக்கவில்லை. அதற்குள் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"என்னடா ஏழிழுப்பு," என்று இறங்கினார் பழைய முதலாளி. "திறப்பு விழான்னு சொன்ன. வந்து பார்த்தா பூட்டு விழாவா இருக்கு?"

கூட்டம் சிரித்தது. மாமியார் கொஞ்சம் உரக்கவே சிரித்தார்.

"அஞ்சே நிமிஷம். திறந்து விடறேன். ஆனா நாளைக்கு ஒழுங்கா என் கடைக்கு வந்து பழைய ஸ்டூல்ல உட்காரணும். சம்மதமா?"

ஏழிழுப்பின் தலை வழக்கம்போல ஆடப் பார்த்தது. கை மட்டும் தன் பழக்கத்தில் பூட்டைப் பிடித்து இழுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு. அசையவே இல்லை. அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்று உறைத்தது. பதினான்கு வருஷத்தில் அவர் இழுத்த ஒரு பூட்டுகூடத் திறந்துகொண்டதில்லை!

"சம்மதம் முதலாளி" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "திறக்க முடியலைன்னா, என் கடையோட முதல் பூட்டை நீங்கதான் வாங்கணும்."

"பேசக்கூடக் கத்துக்கிட்டியா!"

முதலாளி கம்பி விட்டார். வளைந்த கம்பி விட்டார். எண்ணெய் விட்டார். அரை மணி நேரத்தில் சட்டை நனைந்து, பேச்சும் நின்றுபோனது. கடைசியில் பையிலிருந்து ரம்பத்தை எடுத்தார்.

"அறுத்துட வேண்டியதுதான்."

ஏழிழுப்பு ஷட்டருக்கு முன்னால் போய் நின்றார். "அதைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற. திறக்கத்தானே ஒத்துக்கிட்டீங்க? திறங்க."

"இது திறக்காதுடா. பூட்டுல ஏதோ கோளாறு."

"கோளாறு இல்ல முதலாளி. இதுக்குப் பேர்தான் பூட்டு."

கூட்டம் கைதட்டியது. நுரைக்காரர் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அந்த நுரை இதற்குள் காய்ந்து வெடித்திருந்தது.

"சார், இதே மாதிரி எனக்கு ரெண்டு வேணும். வீட்டுக்கு ஒண்ணு, குடோனுக்கு ஒண்ணு. முதல்ல அந்தப் பலகையை மாத்துங்க சார்!"

"மாத்திடலாம்" என்றார் ஏழிழுப்பு. "ஏழிழுப்புப் பூட்டுக்கடைன்னே எழுதிடறேன்."

முதலாளி ரம்பத்தைப் பையில் போட்டு, "எனக்கு ஒண்ணு எடுத்து வை" என்று முனகினார்.

"எல்லாம் சரிங்க," மனைவி அவர் காதருகே வந்தாள். "இப்ப எப்படிக் கடையைத் திறக்கறது?"

மாமியார் நிதானமாக எழுந்து வந்து கைப்பையைத் திறந்தார்.

"இந்தாங்க மாப்ளை, சாவி. காலைல பல் தேய்க்கறப்போ நீங்க கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. நீங்க குளிக்கப் போனப்பவே எடுத்து வச்சுட்டேன். உங்க முதலாளிக்குப் போன் போடச் சொன்னதும் நான்தான்."