மாப்பிள்ளையின் காதுகளைச் சிறிதாக்கிய விவகாரம்

கோல சிலாங்கூர்,
1927, ஆனி மாதம், ஞாயிறு காலை.

மதிப்புக்குரிய சித்தப்பா பொன்னம்பலம் அவர்களுக்கு, மலாய் நாட்டிலிருந்து உங்கள் அண்ணன் மகன் கார்த்திகேசு பணிவுடன் எழுதிக்கொள்வது. இந்த மாதம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மலேரியாக் காய்ச்சல் இல்லை என்பதால் நாங்கள் பரம சுகம். அங்கே நீங்களும் சின்னம்மாவும் தங்கச்சி பராசக்தியும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்பாராக.

படம் கிடைத்தது, பராசக்திக்குப் பிடித்தது, தையில் கல்யாணம் என்று நீங்கள் அடித்த தந்தி நேற்று வந்தது. என் மனைவி இரத்தினம்மா சந்தோஷத்தில் பாயசம் காய்ச்சி அக்கம்பக்கம் எல்லாம் கொடுத்தாள். எனக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. சித்தப்பா, கோபிக்காமல் கேளுங்கள். அந்தப் படத்தில் இருப்பது ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் வைரவநாதன் அல்ல. அதாவது, அவர்தான். ஆனால் பாதி அவர், மீதிப் பாதி என்னுடைய பென்சில்.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். எட்டு வருடமாக இந்த ஊரில் படம் பிடிக்கிறேன், ஒருவருடைய படம் அழகில்லாமல் வந்துவிட்டால் அதை அவர் கையில் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. கண்ணாடிப் பிளேட் உடைந்துவிட்டது என்பேன், படம் கழுவும் மருந்து கெட்டுவிட்டது என்பேன், வெயில் சரியில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்பேன். போன மாதம் தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் உடையப்பன் ஊரிலுள்ள தன் தாயாருக்கு அனுப்பப் படம் எடுக்க வந்தான். இரவல் கோட்டு, இரவல் கடிகாரம், காலைக் கடித்துக்கொண்டிருக்கும் புதுச் சப்பாத்து. படத்தில் அவன் முகம் பல்வலிக்காரன் முகமாக வந்துவிட்டது. பிளேட் உடைந்துவிட்டது என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அவன் கொடியில் காய்ந்துகொண்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டான். "அய்யா, இதுதான்லா படம்! எங்கப்பாரு கோவமா இருக்கையில இப்படித்தான் மூஞ்சிய வச்சிருப்பாரு. எங்காத்தா பாத்தா அழுதுடும்!" என்று துள்ளிக் குதித்து, அதிலேயே மூன்று கேட்டான். அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இனி நம்முடைய கதை. பெண் வீட்டார் பார்க்கிற படம், ஆகையால் மாப்பிள்ளை நின்றபடி இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், கைவிரல் பத்தும் தெரிய வேண்டும், கால் பாதம் வரை வரவேண்டும், எந்த ஊனமும் ஒளிந்திருக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். ஆனால் வைரவநாதனின் காதுகளை நீங்கள் பார்த்ததில்லை. அவர் தங்கமான மனிதர், அவர் பேசினால் துரை முதல் பால்மரம் வெட்டுகிறவர்கள் வரை சிரிப்பார்கள். அந்த மனிதருக்குக் கமராவைக் கண்டால் மட்டும் உயிர் போய்விடும். நான் மாட்டுவண்டியில் கமராவையும் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரைச்சீலையையும் ஏற்றிக்கொண்டு ஈஜோக் பக்கத்தில் அவர் வேலை பார்க்கும் தோட்டத்துக்குப் போய், அவர் வீட்டு முற்றத்தில் இரண்டு கழி நட்டுச் சீலையைக் கட்டினேன். முதல் பிளேட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண் இரண்டும் வெளியே வரப் பார்த்தது. இரண்டாவது எடுக்கும்போது வழியில் போன ஒருவருக்குத் தலையாட்டினார், படத்தில் இரண்டு மூக்கு விழுந்துவிட்டது. மூன்றாவது எடுக்கிற கணத்தில் நான் வந்த வண்டி மாடு அவிழ்த்துக்கொண்டு வந்து அரண்மனைப் படிக்கட்டை மேயத் தொடங்கிவிட்டது. அவர் வெடித்துச் சிரித்தார். கண் மூடி, வாய் காது வரை திறந்து, கடைவாய்ப் பல் தெரிகிறது, பக்கத்தில் மாட்டு வால்.

அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்! "அண்ணை, உது எனக்கொண்டு தாங்கோ, ஞாபகத்துக்கு வைச்சிருக்கிறன்" என்று கெஞ்சினார். உங்களுக்கு அனுப்ப நான் அந்த மூச்சுப் பிடித்த படத்தை எடுத்து, மூன்று பகல் ஜன்னலோரம் உட்கார்ந்து பிளேட்டின் மேல் பென்சிலை ஓட்டினேன். கண்ணை உள்ளே தள்ளினேன். காதைக் குறைத்தேன். ஒரு பக்கம் குறைத்தால் மறுபக்கம் பெரிதாகத் தெரிந்தது, மறுபக்கம் குறைத்தால் இந்தப் பக்கம். கடைசியில் ஒரு இளவரசன் நின்றான். எனக்கே பெருமை பிடிபடவில்லை. அன்றைக்குக் கப்பல் தபால் கட்டும் நாள், இளவரசனை ஒரு கவரிலும் அவர் கேட்ட சிரித்த படத்தை இன்னொரு கவரிலும் அவசரமாகப் போட்டு, ஒன்றைத் தபாலில் சேர்த்துவிட்டு, மற்றதை என் கடை வாசலில் காத்து நின்ற வைரவநாதன் கையில் கொடுத்தேன்.

இப்போதுதான் யோசிக்கிறேன். பராசக்தி கப்பலேறி இத்தனை தூரம் வந்து, கிள்ளான் துறையில் இறங்கி அந்த இளவரசனைத் தேடினால் நான் யாரைக் காட்டுவேன்? கூடப் பிறக்காவிட்டாலும் அவள் என் தங்கச்சி. அவளை ஏமாற்றிவிட்டு நான் இந்தத் தொழில் செய்து என்ன? ஆகவே வெட்கத்தை விட்டு, அந்தச் சிரித்த படத்தில் ஒன்று புதிதாகப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதுதான் உண்மையான மனிதர். தங்கச்சி நன்றாகப் பார்த்து, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு தந்தி அடிக்கச் சொல்லுங்கள். வைரவநாதன் முகத்தில் விழிக்கிற வேலை என்னுடையது.

சின்னம்மாவின் காலில் விழுந்ததாகச் சொல்லவும். மாடு கன்றுகள், வாசல் பலாமரம் எல்லாம் செழிக்க வேண்டும். குற்றம் பொறுத்து என்னை ஆசீர்வதிக்கவும்.

தங்கள் அன்பும் அச்சமும் உள்ள மகன்,
கார்த்திகேசு

பி.கு. சித்தப்பா, கவரை ஒட்டப் போகும்போது வைரவநாதனே வந்துவிட்டார். வெட்கத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த படத்தை, கல்யாணம் முடிவான செய்தி கேட்ட சந்தோஷத்தில் நேற்றுத்தான் பிரித்தாராம். மேசையில் வைத்து, "அண்ணை, ஆற்றையோ படத்தை எனக்குத் தந்திட்டியள். நல்ல வடிவான ஆள்தான், ஆனா பாத்தா நம்பேலாத ஆள் போல கிடக்கு. ஆர் உது?" என்று கேட்கிறார். பார்த்தால் என் இளவரசன்! கவர் இரண்டும் மாறிப் போயிருக்கின்றன. அப்படியானால் கப்பலேறிப் போனது எது? தங்கச்சி பார்த்துப் பிடித்திருக்கிறது என்றது எதை? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மெல்ல, "அந்த மாட்டு வாலோடையோ? உதைப் பாத்தோ அவ ஓமெண்டவ?" என்று கேட்டார். உதைப் பார்த்துத்தான் என்றேன். காது இரண்டும் சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப அண்ணை, தை எண்டால் கனகாலமெல்லோ? ஆவணியிலை வைக்கேலாதோ எண்டு கேளுங்கோவன்" என்கிறார். ஆகவே மேலே எழுதிய எதையும் வாசிக்காமல், ஆவணியில் நாள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து உடனே தந்தி அடிக்கவும். மனிதர் பதில் வரும்வரை தோட்டத்துக்குத் திரும்ப மாட்டேன் என்று என் கடையில் உட்கார்ந்துவிட்டார்.