வராத காற்றுக்குக் காவல்

ஆடு மேய்க்கும் பெரியவர் பஸ்ஸுவுக்கு ஒரு வருஷக் காவல் கூலி பாக்கி, பதினெட்டாயிரம் திர்ஹாம். பாக்கி வைத்தவர் உலகெங்கும் பெருகிவரும் ஓர் இனத்தைச் சேர்ந்தவர். இடம் பார்க்கும் மேதாவி என்று பெயர் வைப்போம்.

அடையாளம் சுலபம். ஜீப்பை விட்டு இறங்குவார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார், வரைபடத்தை வண்டி மூக்கின்மேல் விரிப்பார், பென்சிலால் வட்டம் போடுவார், அந்த வட்டத்துக்குள் நாற்பது ஆடும் ஒரு கூடாரமும் அதன் சொந்தக்காரரும் நிற்கும்போதே “இங்க ஒண்ணுமே இல்ல” என்பார். ஆடுகள் மறுத்துப் பேசுவதில்லை.

தலைநகர் ரபாத்திலிருந்து எஞ்சினியர் பெர்ராதா காற்றாலைக்கு இடம் தேடி மிதெல்த் மலைப்பக்கம் வந்தபோதும் இதுதான் நடந்தது. ஜீப் போகிற பாதை பஸ்ஸுவின் கூடாரத்தோடு முடிந்தது. புதினாத் தேநீரும் அங்கேதான் கொதித்துக்கொண்டிருந்தது. ஓர் இடத்துக்கு வேறென்ன தகுதி வேண்டும்? காற்றை அளக்கும் கம்பத்தை அங்கேயே நடச் சொன்னார். காவலுக்கு பஸ்ஸு, கூலி வருஷக் கடைசியில்.

“எஞ்சினியரே, இங்க காத்து வராதுங்க. வராததாலதான் கூடாரம் போட்டிருக்கோம்.”

“பெரியவரே, நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?”

எந்தக் காலேஜிலும் இல்லை. அறுபது வருஷம் முகத்தில் வாங்கிய காற்றுக்கு யார் பட்டம் கொடுக்கிறார்கள்?

பன்னிரண்டு மாதம் கம்பம் நின்றது. காற்றில் சுழலவேண்டிய கிண்ணங்களில் சிலந்தி வலை பின்னிக் குடும்பம் நடத்தியது. மேதாவி அறிக்கை எழுதினார்: காற்று பதிவாகாததற்குக் காரணம் காவலாளியின் கவனக்குறைவு. கூலி நின்றது. அதை நம்பிக் குளிர்காலத் தீவனத்துக்குக் கடன் வாங்கியிருந்த பஸ்ஸு ஆறு ஆட்டை விற்றார். மிச்சக் கடனுக்கு மற்றவையும் போகிற நிலை.

அப்போதுதான் தலைமை அலுவலகம் பெர்ராதாவுக்கு எழுதியது: ஒரு வாரத்தில் காற்றைக் காட்டு, இல்லை நாற்காலியை விடு. ஜீப் திரும்பி வந்தது. இந்தத் தடவை கண்ணாடி கழன்றிருந்தது.

“பெரியவரே, காத்து எங்கதான் அடிக்குது?”

“நாங்க கூடாரம் போடாத இடத்துல. வாங்க, மேட்டைக் காட்டுறேன்.”

பஸ்ஸுவின் மனைவி இத்தோ தேநீர்க் கெண்டியை இறக்கவே இல்லை. “மொதல்ல வராத காத்தைக் காவல் காத்த கூலியை வைக்கச் சொல்லுங்க.”

சிரிக்கிறீர்களே! அங்கேயே கிடப்பவரை ஒரு வார்த்தை கேட்காமல், கிணறு தோண்டவோ கடை போடவோ நீங்கள் விரல் நீட்டியதே இல்லையா? நீட்டியிருந்தால் பர்ஸோடு வரிசையில் நில்லுங்கள். முன்னால் நிற்பவர் பெர்ராதா. பஸ்ஸு உள்ளங்கையை விரித்துவிட்டார். இருநூறு இருநூறாக, தொண்ணூறு நோட்டை எண்ணி அதில் வைத்தார் மேதாவி. ஒரு நோட்டுகூடப் படபடக்கவில்லை.