லங்சிர் அக்காவின் மூக்கு

சுங்கை லாலாங்கிலிருந்து பெண்டாங் வரை லங்சிர் அக்காவுக்குப் பயப்படாத வீடு ஒன்றுகூட இல்லை. லங்சிர் என்று மலாயில் நாங்கள் சொல்லும் ஜன்னல் திரைகளைத் தைப்பவர் அவர். அளவெடுக்க வந்தால் முதலில் மூக்கை உறிஞ்சுவார். அப்புறம் அந்த வீட்டில் கிடக்கும் கெட்ட எண்ணத்துக்குப் பெயர் சொல்வார்.

பாடாங் மேஹாவில் ஒரு வீட்டுக்காரம்மாவிடம், "இது பொறாமை இல்லம்மா. பொறுக்க முடியாததுதான் பொறாமை, எட்டிப் பாத்துட்டுப் போயிரும். இது பகை. பகுக்கறதுலேருந்து வந்த வார்த்த. உள்ளுக்குள்ள எதையோ பிரிச்சிருக்கீங்க" என்றாராம். அன்று காலையில்தான் மாமியாரும் மருமகளும் தனித்தனி அடுப்பு வைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்கும் தீபாவளிக்கு முன்னால் வந்தார். கூடத்து ஜன்னலில் துணியைத் தூக்கிப் பிடித்தார். காற்றே இல்லை. துணி மட்டும் என்னைப் பார்த்து மெல்ல ஆடியது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் செய்தி: "தம்பி, உங்க வீட்ல டெங்கி இருக்கு. அது போனப்புறம் தைக்கிறேன்."

விடுவேனா? பூந்தொட்டிகளைக் கவிழ்த்தேன். கால்வாயைச் சுரண்டினேன். கொசு மருந்து அடித்ததில் என் மனைவிதான் முதலில் மயங்கி விழப் பார்த்தாள். மூன்று நாள் கழித்துப் பெருமையாகப் போன் போட்டேன்.

"ஒரு கொசு இல்லக்கா!"

"கொசுவா? நான் சொன்னது மலாய்க்காரங்க சொல்ற டெங்கி லா. மனசுல வர்ற டெங்கி."

தமிழில் எழுதினால் டெங்கிக் காய்ச்சலும், மலாயில் டெங்கி என்கிற காழ்ப்பும் ஒரே எழுத்து. என் தலையெழுத்து.

"எனக்கு யார் மேலக்கா டெங்கி?"

"அதுகூட மரியாதைக்குத்தான் சொன்னேன். உங்களுக்கு இருக்கறது கறுவு. உள்ளுக்குள்ளேயே கறுத்துப் போறது. கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல" என்றேன்.

"பொய்யி. வாட போன்லயே அடிக்குது தம்பி."

பெண்டாங்கில் அண்ணன் இருக்கிறார். நான் போய்ச் சேர்வதற்குள் இறந்துபோன அப்பாவின் உடலை எடுத்துவிட்டார் என்று நாலு வருடமாக அவரோடு பேச்சில்லை. இதை அக்காவிடம் யாரும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தார்.

"தம்பி, எப்படித் தெரிஞ்சிச்சு? யார்கிட்டயும் சொல்லலையே! அண்ணனுக்கு டெங்கி. ரெத்தம் எறங்கிட்டே போவுதாம், வார்டுல போட்டிருக்காங்க."

அது கொசு டெங்கி. காரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

கட்டிலில் கிடந்த அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு ஒனக்காக ரெண்டு மணி நேரம் நிறுத்தி வச்சிருந்தேன்டா. அதுக்கு மேல யாரும் விடல" என்றார். நான் அழுதேன்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். திரைகளும் வந்தன. காய்ச்சல் விஷயம் எப்படித் தெரியும் என்று அக்காவைக் கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவரும் வெளிறிப்போய் என்னையே பார்த்தார்.

இன்றும் அவர் வாசலில் நின்று மூச்சை இழுத்தால் எனக்குப் பயம்தான். ஆனால் ஒரு மாதம் அவர் வராவிட்டால், நானே ஒரு திரையின் ஓரத்தைப் பிரித்துவிட்டு, "தையல் விட்டுப்போச்சுக்கா" என்று போன் போடுகிறேன்.