ஒருவரும் மறிக்காத பயணம்

“நான் உலகம் சுத்தப் போறன்” என்றார் அம்பிகைபாகன்.

பத்மாதேவி வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. “ஓம், போட்டு வாங்கோ.”

இது அவர் எதிர்பார்த்த பதில் அல்ல. ‘உங்களுக்கென்ன விசரே?’ என்று மனைவி பாய்வாள், பிறகு அழுவாள். அப்போது பற்று, பாசம், மாயை பற்றியெல்லாம் ஒரு பாட்டம் பேசிவிட்டு, பெரியமனது பண்ணி வீட்டிலேயே இருந்துவிடலாம் என்பதுதான் ஏற்பாடு. பேச்சு மனப்பாடம். பேசத்தான் இடம் கிடைக்கவில்லை.

“ஒரு வருஷம் ஆகும்.”

“ஓம்.”

“ரெண்டும் ஆகலாம். தனியத்தான் போறன்.”

“உங்கட விருப்பம்” என்று கண்ணைத் துடைத்தாள். வெங்காயக் கண்ணீரை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டில் இல்லாத மதிப்பு கந்தோரில் இருக்கும். கண்டியில் ஓர் அரச திணைக்களத்தில் அவர் உதவிப் பணிப்பாளர். தாம் இல்லாவிட்டால் ஒரு கோப்பும் நகராது என்பது அவர் கட்சி. அவர் இருப்பதால்தான் நகரவில்லை என்பது மற்றவர்கள் கட்சி. பணிப்பாளர் துஷானி அரைநாள் லீவுக்கே குறுக்கு விசாரணை நடத்துகிறவர். அவர் மறுத்துவிட்டால், ‘மேலிடம் விடவில்லை’ என்று கௌரவமாகத் திரும்பிவிடலாம்.

துஷானி எழுந்து நின்றார். அமைச்சர் வந்தாலும் பாதிதான் எழும்புகிறவர்.

“போயிட்டு வாங்க, மிஸ்டர் அம்பிகைபாகன். லீவு எவ்வளவு வேணுமோ எடுங்க.”

“என்ர வேலையை ஆர் பாக்கிறது?”

“அதப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாம்.”

யோசிக்கவே வேண்டாமாம்! கொதித்துக்கொண்டு தன் அறைக்கு வந்தால், எழுதுவினைஞன் இளங்கோ ஒரு புதுப் பயணப்பெட்டியோடு நிற்கிறான். இடமாற்றம் மறுக்கப்பட்ட நாளிலிருந்து அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவன்.

“சேர், இதக் கொண்டு போங்க. திருப்பித் தரணும்னு இல்ல.”

“உம்மட மாற்றத்தை மறிச்சது நான்தான்.”

“அதெல்லாம் இனி எதுக்கு சேர்? ரொம்ப மெலிஞ்சிட்டீங்க...”

“வெறும் காஸ்ட்ரிக். மனுசி டொக்டரிட்டைக் கேட்டவ. உலகம் சுத்துறவனுக்குப் பாரம் இல்லாட்டித்தான் நல்லது.”

இளங்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பிரியாவிடை வைத்தார்கள். ரோல்ஸ், கேக், தேநீர். அங்கேயாவது ‘போகாதீங்க சேர்’ என்று ஒரு குரல் எழும்பும் என்று, அந்தக் குரலுக்கு இடம் விட்டு விட்டுப் பேசினார்.

“வாழ்க்கை ஒரு வாடகை வீடு.” நிறுத்தினார். மூக்குச் சிந்தும் சத்தம். “ஒருநாள் காலி செய்யத்தானே வேணும்!” விம்மல்.

தமது நாவன்மை இத்தனை பெரிதென்று அவருக்கே இதுவரை தெரியாது. இன்னும் நீட்டிப் பேசினார். தட்டச்சுக்கார நிலூஷா தாங்க மாட்டாமல் எழுந்து ஓடினாள். மற்றவர்கள் வரிசையில் வந்து காலைத் தொட்டார்கள். தனித்தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். போகாதே என்று மட்டும் ஒரு வாயும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“காரை வித்துப்போட்டுத்தான் போகப்போறன்.”

“வித்துப்போடுங்கோ.”

“திரும்பி வராமலும் விட்டிடுவன்!”

பத்மாதேவி சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதை அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டார். அந்தக் கோபத்தில்தான் நேபாளத்துக்கு டிக்கட் போட்டார்.

புறப்படுகிற காலை கட்டுகஸ்தோட்டையில் மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் விமான நிலையத்துக்குப் போகும் வேன். வழியனுப்ப வந்த துஷானியும் இளங்கோவும் ஒரே குடைக்குள் நின்றார்கள். அம்பிகைபாகன் சப்பாத்து நாடாவைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். வயிறு வேறு கொத்தியது. காத்மண்டுவில் ஒரு மனிதரையும் தெரியாது. யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிடுவார். பத்மாதேவி பாஸ்போட்டை நீட்டினாள்.

அப்போது, வீட்டில் சமைக்கும் தெல்தோட்டைப் பாப்பம்மா குசினியிலிருந்து ஓடிவந்து பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

“போகாதீங்கய்யா!”

அம்பிகைபாகனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசியில் ஒரு ஜீவன்!

“பாப்பம்மா, வாயை மூடு!” என்று பத்மாதேவி அலறினாள்.

“நீர் விடும். அவள் மனசில உள்ளதைச் சொல்லட்டும்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சொல்லு பாப்பம்மா, நான் ஏன் போகக்கூடாது? எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமாச் சொல்லு.”

“டொக்டரு கைய விரிச்சிட்டாரு, கடைசி ஆசைய மறிக்கக் கூடாதுன்னு எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க, அந்நிய ஊர்ல போய் விழுந்தா உங்க வாயில பால் ஊத்த யாருங்கய்யா இருக்கா?”