தேயிலை மேல் விழுந்த கிராணி

சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று துரை கேட்டபோது, "என்ன சார், என்னப் பாத்து இப்படிக் கேக்குறீங்க?" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே மிகவும் தன்மானத்தோடு சொன்னது இதுதான். நான் கடைசியாக சைக்கிள் மிதித்த காலத்தில் எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. இப்போது நரைத்துக்கொண்டிருக்கிறது.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. துரை என்று நாங்கள் இன்னும் பழக்கதோஷத்தில் சொல்லும் எங்கள் மேனேஜருக்குப் போன வருடம் ஒரு யோசனை உதித்தது: தோட்டத்துக்குள்ளேயே ஒரு சைக்ளோகிராஸ் பந்தயம். அதாவது சேற்றில் சைக்கிள் ஓட்டுவது, ஓட்ட முடியாத இடத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. (சைக்கிள்தான் நம்மைச் சுமக்கும் என்ற ஆதி ஒப்பந்தம் இதில் செல்லாது.) ஒற்றுமை வளர வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். ஜோடியாகத்தான் சேர வேண்டும். ஆபீஸில் ஒருவர், வெளிக்காட்டு வேலையில் ஒருவர். ஆளுக்கு ஒரு சுற்று. முதலில் வரும் ஜோடிக்கு ஆளுக்கொரு புது சைக்கிள்.

ஆபீஸ் இளவட்டங்களை வெளிக்காட்டு ஆட்கள் அரை மணி நேரத்தில் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது நானும் ஜெராக்ஸ் மிஷினும். அப்போதுதான் சரஸ்வதி வந்து வாசலில் நின்றாள்.

"கிராணியாரே, நீங்கதான் மிச்சமா?"

இருபது வருடமாகச் செடி நட்டு, கொழுந்து எடுத்தவள். மூன்று மாதத்துக்கு முன் அவளையும் அவள் கணவனையும் மலைக்குப் பின்னால் உள்ள நாற்றுப் பண்ணைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே லோரி போகாது. போக ஒரு மணி நேர நடை, வர ஒரு மணி நேரம்.

"மத்தவங்களுக்கு இது வெளையாட்டு. எனக்கு அந்த சைக்கிள் வேணும்" என்றாள். "நீங்க ஜெயிக்க வேணாம். ஒழுங்கா வந்து என் கையத் தொட்டாப் போதும். மத்தத நான் பாத்துக்குறேன் லா."

நான் சும்மா இருப்பேனா? இரண்டு வாரம் இணையத்தில் கிடந்து படித்தேன். டயரில் காற்று எவ்வளவு, வளைவில் பார்வை எங்கே, உடம்பின் எடை எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் அவளுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் சைக்கிளுக்குத் தெரியுமா?" என்றாள்.

பந்தயத்துக்கு முன் மூன்று நாள் விடாத மழை. தோட்டத்துப் பாதை பிசைந்து வைத்த மாவு போல் இருந்தது. ரிங்லெட் டவுனில் வாங்கிய இறுக்கமான கால்சட்டையில் நான் வந்து நின்றதும் கூட்டத்தில் ஒரு மௌனம் பரவியது. (அனுதாபம் என்று பிறகு சொன்னார்கள்.) விசில் ஊதினார்கள். ஒன்பது பேர் புறப்பட்டோம்.

முக்கால் சுற்று வரை நான் நான்காவது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். சரஸ்வதி காத்திருந்த மேடு கண்ணுக்குத் தெரிந்தது. நான் நான்காவதாக வருவதை அவள் பார்க்கிறாளா என்று தலையைத் திருப்பிப் பார்த்தேன். பாதை இடப்பக்கம் வளைந்தது. நான் வளையவில்லை.

மிஷின் வைத்து வெட்டிய தேயிலை மேசை போல் தட்டையாக இருக்கும். அதன் மேல் சைக்கிளோடு பரிமாறப்பட்டவனாகக் கிடந்தேன். அடிபடவில்லை. ஆனால் அசையவும் இல்லை. காரணம் வேறு. "செடிகளை மிதிக்காதீர்" என்று தோட்டமெங்கும் பலகை எழுதி வைத்தவன் நான்தான். செடி நிரைகளுக்கு நடுவே சுற்றித்தான் நடக்க வேண்டும், செடி மேல் கை ஊன்றக்கூடாது என்று பதினெட்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவனும் நானே. ஒரு கொழுந்தும் நோகாமல் இறங்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னை ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள்.

மேட்டிலிருந்து சரஸ்வதியின் குரல் வந்தது. "கிராணியாரே! என்ன படுத்துக் கெடக்குறீங்க? உருளுங்க!"

"செடி ஒடியும் சரசு!"

"ஒடியட்டும் லா! நட்டவளே சொல்றேன், உருளுங்க!"

உருண்டேன். ஆறு செடிகளின் மீது உருண்டு பாதைக்கு வந்து, சேற்றில் சைக்கிளை இழுத்துக்கொண்டு போய் அவள் கையைத் தொட்டபோது நாங்கள் ஒன்பதாவது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் அங்கே இல்லை.

சுற்றின் நடுவில் ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. எல்லோரும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். இரண்டு எட்டுக்கு ஒரு முறை வழுக்கி முழங்காலில் விழுந்தார்கள். சரஸ்வதி ஓடவில்லை. குனிந்து, கொழுந்து மூட்டையை முதுகில் ஏற்றுவதைப் போலவே சைக்கிளை ஏற்றினாள். பாதத்தைக் குறுக்காக வைத்து, சின்னச் சின்ன எட்டாக, அடிவாரத்தில் எந்த வேகமோ உச்சியிலும் அதே வேகத்தில் ஏறினாள். அவசரமே இல்லை. அந்தச் சரிவை அவள் கால்கள் இருபது வருடமாக மனப்பாடம் செய்திருந்தன. நான் படித்த எந்தப் பக்கத்திலும் அந்த நடை இல்லை. ஐந்து பேரை ஏற்றத்திலேயே தாண்டினாள். இரண்டு பேரை இறக்கத்தில். கடைசியில், எல்லோருக்கும் முன்னால் போன லோரி டிரைவர் திரும்பிப் பார்த்தான். (திரும்பிப் பார்ப்பவர்களின் கதி எனக்குத் தெரியும்.) அவன் தடுமாறினான், அவள் ஒரு சக்கர நீளத்தில் முந்திக் கோட்டைத் தாண்டினாள். நான் கைதட்டினேன். கையிலிருந்த சேறு பக்கத்தில் நின்றவர்கள் மேலெல்லாம் தெறித்தது.

நான் விழுந்த வளைவுக்கு இன்று கிராணி வளைவு என்று பெயர். புதிதாக வந்த கங்காணி அது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

பரிசளிப்பில் இரண்டு சைக்கிளையும் எங்கள் முன் நிறுத்தினார்கள். என்னுடையதை அவளுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, தியாகம் பற்றி நாலு வரி மனதுக்குள் தயார் செய்திருந்தேன். தொண்டையைச் செருமினேன். அதற்குள் சரஸ்வதி இரண்டின் கைப்பிடியையும் பிடித்து உருட்டத் தொடங்கிவிட்டாள்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்க வீட்டுக்காரருக்கு. நீங்க நடந்தே போங்க, கிராணியாரே. அதான் தேயிலைக்கு நல்லது."